இனிஷியல் கேட்ட சித்தர்

செவ்வாய்க்கிழமை வந்தால் போதும், கே.கே. நகரில் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. எங்கள் வால்வு கம்பெனியே குடும்பத்தோடு அங்கே நிற்கும். முசிறி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. எல்லாம் நாற்காலிச் சித்தரைப் பார்க்கத்தான். எங்கள் கம்பெனியில் யாருக்குப் பதவி உயர்வு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். மூன்று வருடமாக ஒன்றுகூடத் தப்பியதில்லை. அப்புறம் என்ன, விழுந்து கும்பிட வேண்டியதுதானே!

பெயரைச் சீட்டில் எழுதித் தரவேண்டும். ஆளை நிமிர்ந்து பார்க்கமாட்டார், அவ்வளவு மோனம். சீட்டைத் திரைக்குப் பின்னால் அம்மன் காலடியில் வைத்துவிட்டு வந்து, சுழல் நாற்காலியைச் சுற்றிவிடுவார். அது கிழக்கே நின்றால் பதவி. மேற்கே நின்றால் சனி, ஐயாயிரத்துக்குப் பரிகாரம். நாற்காலியை நிறுத்துவது அம்மனா, சித்தரின் கால் கட்டைவிரலா என்று கேட்பது மகாபாவம்.

சோதனைப் பிரிவில் பதினோரு வருடமாக மாடாய் உழைக்கும் யமுனாவும் போனாள். இந்த முறையும் சூப்பர்வைசர் பதவி வராவிட்டால் வேலையை விட்டுவிடுவதென்று இருந்தாள். சீட்டில் வெறுமனே 'யமுனா' என்று எழுதினாள். திரைக்குள் போன சித்தர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"இனிஷியல் என்னம்மா?"

"ஆர்."

நாற்காலி மேற்கே நின்றது.

கேன்டீனில் அழுகையை அடக்கிக்கொண்டு இதைச் சொன்னாள். லேத் ஆபரேட்டர் நவநீதனுக்குச் சிரித்ததில் டீ புரையேறியது. ஏனென்றால் எங்களிடம் இன்னொரு யமுனா இருக்கிறாள். எம். யமுனா, மேனேஜரின் கொழுந்தியாள். வால்வை எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்று இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மனுக்கே இனிஷியல் வேணுமாக்கும்? அடுத்த வாரம் எம்னு எழுதிக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றான்.

சாமி குத்தமாகிவிடுமே என்று பயந்தாள். ஆனாலும் போனாள். நாற்காலி கிழக்கே நின்றது! மூன்றே மாதத்தில் பதவி என்று சித்தர் ஆசி வழங்கிக்கொண்டிருக்கும்போதே நவநீதன் திரையை இழுத்தான். உள்ளே அம்மனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. பதவி உயர்வுப் பட்டியல் மட்டும் ஒட்டியிருந்தது, எங்கள் மேனேஜரின் கையெழுத்தில். அந்த வீடே மேனேஜருடையதுதான், பரிகாரத்தில் பாதிப் பங்கு என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

யமுனா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"ரெண்டு வாரமும் நான் ஒரே ஆளுதாங்க. அதே ராசி, அதே நட்சத்திரம். சனி என்ன, இனிஷியல் பாத்தா பிடிக்குது?"

சித்தர் அன்றுதான் ஆளை நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் பட்டியலின் போட்டோ தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது.

பட்டியல் ரத்தானது. எல்லோருக்கும் வேலையிலேயே பரீட்சை வைத்தார்கள். எம். யமுனா தண்ணீரில் நனைந்து திரும்பினாள். ஆர். யமுனா சூப்பர்வைசர் ஆனாள். நாங்கள் கேன்டீனில் கேசரி தின்றோம்.

பதவி தள்ளிப்போகிறதா? வானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ளாதீர்கள், ஐயா. பட்டியலில் இருப்பவன் யாருக்கு மச்சான் என்று விசாரியுங்கள்.