கப்பல் சாரின் வால் தகடு

கடலில் ஓட்டுகிற படகைச் செய்து, அதைக் கடலே இல்லாத ஊரில், மொட்டை மாடியில் நிறுத்தி வைத்திருந்த மனிதர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் ஆபீசில் பிளான் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். உறையூரில் குடியிருந்தார். அவருடைய பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் கப்பல் சார்.

எழுபதுகளின் கடைசி அது. அதே ஆபீசில் நான் குமாஸ்தா. என் வேலை என்னவென்று எனக்கே சரியாகத் தெரியாது. பத்து மணிக்குப் போய், யாரையாவது கிண்டல் செய்துவிட்டு, ஐந்து மணிக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிப்பேன். அதனால் கப்பல் சார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "என்ன ஸ்ரீரங்கம், இன்னிக்கு யாரு மாட்டுனாங்க?" என்பார். பெரும்பாலும் அவர்தான் மாட்டியிருப்பார்.

படகுக்குக் காரணம் அவர் மனைவி. பள்ளிக்கூட ஆசிரியை என்பதால் எங்களுக்கெல்லாம் அவர் டீச்சர். கப்பல் சாருக்கும் டீச்சர்தான். டீச்சருக்குப் பெரிய ஆபரேஷன் நடந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு கப்பல் சார் வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டார். இவள் பிழைத்து எழுந்தால், எந்த வண்டியும் ஏறாமல் என் உடம்பாலேயே உன்னிடம் வந்து சேர்கிறேன் என்று. டீச்சர் பிழைத்து எழுந்தார். ஆவணி மாதம் காவி கட்டி நடந்து போகிற கூட்டத்தோடு சாரும் கிளம்பினார். துவாக்குடி தாண்டுவதற்குள் வலது முழங்கால் பரங்கிக்காய் மாதிரி வீங்கி, லாரியில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷமும் அதே துவாக்குடி, அதே முழங்கால், லாரிதான் வேறு. இனிமேல் நடந்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேறு யாராவது என்றால் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ரயில் ஏறியிருப்பார்கள். கப்பல் சார் யோசித்தார். காவிரி வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. கால்தானே போயிற்று, கை இருக்கிறதே.

படகு வண்டியா இல்லையா என்று ஆபீசில் மூன்று நாள் விவாதம் நடந்தது. சக்கரம் இல்லாததெல்லாம் வண்டி அல்ல, ஆகவே பல்லக்கில் போகலாம், நான்கு ஆளை நானே பிடித்துத் தருகிறேன் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரித்துவிட்டு நேரே போய்த் தன் பங்குச் சாமியாரைக் கேட்டார். "துடுப்பு நீங்கதான போடுறீங்க? அப்ப அதுவும் நடைதான்," என்று ஃபாதர் சொல்லிவிட்டார். விவாதம் முடிந்தது.

ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்திருந்த படத்தைப் பார்த்து அவரே டிராயிங் போட்டார். கயாக் என்று பெயர். வாழைப்பூவைப் பதினேழு அடிக்கு இழுத்த மாதிரி இருக்கும். நடுவில் ஒரு ஓட்டை. அதில் இடுப்பு வரைக்கும் நுழைந்து, காலை நீட்டி உட்கார வேண்டும். பிளைவுட்டை மாடியில் வளைத்தார். மேல்பூச்சுக்குத் துவாக்குடியில் தண்ணீர்த்தொட்டி செய்கிற பட்டறை ஒன்றில் பிசின் வாங்கி வந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் படகு மாடிப்படியில் திரும்பாது என்பது தெரிந்தது. கயிறு கட்டித் தெருவில் இறக்கியபோது, உறையூரில் பாதிப் பேர் தறியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

திரும்ப ஏற்ற வழியில்லை. எங்கள் ஸ்ரீரங்கத்து வீடோ ரயில் பெட்டி மாதிரி. அகலம் கிடையாது, நீளம் உண்டு. படகு எங்கள் வீட்டுக்கு வந்தது. வாசலில் ஆரம்பித்து அடுப்படி வாசற்படியில் முடிந்தது. "ஏன்னா, இதுக்குப் பதிலா ஒரு யானை வாங்கிண்டு வந்திருக்கலாமே, அதுவாவது தானா வெளியில போகும்," என்றாள் என் மனைவி. ஒரு மாதத்தில் அதன்மேல் துணி உலர்த்த ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் கப்பல் சார் சைக்கிளில் வருவார். படகைக் கவிழ்த்து இரண்டு ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, அதன் வாலடியில் உட்கார்ந்துவிடுவார். அங்கேதான் அவருடைய உயிர் இருந்தது. படகின் பின்பக்கம், அடிவயிற்றில், மீனுக்கு இருக்கிற செட்டை மாதிரி ஒரு அலுமினியத் தகடு. வால் தகடு என்பார். கடலில் பக்கவாட்டுக் காற்று அடித்தால் இந்த மாதிரிப் படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு காற்று வரும் பக்கமே பார்க்குமாம். தகட்டைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் வால் பிடித்து நிற்கும், படகு நேராகப் போகும். ஆழமில்லாத இடத்தில் அதை மேலே இழுத்து, படகுக்குள் இருக்கிற மரப்பெட்டியில் செருகிக்கொள்ளலாம். ஏற்றவும் இறக்கவும், உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சைக்கிள் பிரேக் ஒயர் போட்டிருந்தார்.

காவிரி மணலுக்கு இந்தப் பெட்டி ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு வெள்ளோட்டத்திலும் மணல் போய் அடைத்துக்கொள்ளும், தகடு மாட்டிக்கொள்ளும். சார் தகட்டைக் கழற்றுவார், கழுவுவார், கிரீஸ் போடுவார், ஒயரை இழுத்துக் கட்டுவார். கடைசியில் பெட்டியின் வாயை ஒரு அங்குலத்துக்கு அகலப்படுத்தினார். அதற்குப் பிறகு மணல் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. மூன்று தடவை இறக்கி, மூன்று தடவை ஏற்றிப் பார்க்காமல் படகைத் தண்ணீரில் வைக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டார்.

அந்த ஆவணியில் எல்லாம் கூடி வந்தது. ஆற்றில் தண்ணீர் இருந்தது. பத்து நாள் லீவு கிடைத்தது. தகடு வெண்ணெய் மாதிரி இறங்கியது. திங்கட்கிழமை காலை அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து கிளம்புவதாக ஏற்பாடு.

இனி வருவது என் பங்கு.

புது வண்டி கிளம்பும்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் எங்கள் குடும்பத்தில் விட்டதில்லை. என் சைக்கிளுக்கு நசுக்கியிருக்கிறோம். என் பெண்ணின் மூன்று சக்கர சைக்கிளுக்கும் நசுக்கியிருக்கிறோம். கடலுக்குப் போகிற மனிதரைத் திருஷ்டி கழிக்காமல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆனால் படகுக்குச் சக்கரம் ஏது? விடியற்காலையில் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கவிழ்ந்து கிடந்த படகைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வால் தகட்டுப் பெட்டி வாயைத் திறந்துகொண்டிருந்தது. சார் தகட்டை இறக்கும்போது பழம் தானாக நசுங்கிவிடும், சக்கரத்தில் நசுங்கினால் என்ன, தகட்டில் நசுங்கினால் என்ன என்று தோன்றியது. சின்னப் பழமாகத் தேடி எடுத்து, தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது. இன்னும் நன்றாக அமுக்கினேன்.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. படித்துறையில் சார் வழக்கம்போல ஒயரில் கையை வைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு இருபத்தெட்டு. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம்.

"சார், ரெண்டு நிமிஷந்தான் இருக்கு, தண்ணியில எறக்குங்க."

"மூணு தடவ பாத்துட்டு எறக்குறேன் ஸ்ரீரங்கம்."

"நேத்து சாயங்காலம் முப்பது தடவ பாத்தீங்களே."

அவருக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் எனக்கு உண்டு என்பது தெரியும். எனக்காகத்தான் தன் சட்டத்தை மீறினார். டீச்சர் அவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். படகு போயிற்று. நடு ஆற்றில் அவர் தோள் இரண்டு மூன்று முறை வெடுக்கென்று அசைந்ததைப் பார்த்தேன். கை காட்டுகிறார் என்று நினைத்து நானும் கை காட்டினேன். அவர் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை அவர் சொல்லிக் கேட்டதுதான். கல்லணை வருவதற்குள் ஒயர் அறுந்துவிட்டது. குச்சியால் குத்திப் பார்த்தார். உள்ளே சேறு மாதிரி ஏதோ இருந்தது, இன்னும் மேலே போயிற்று. ஆற்றுக்குத் தகடு தேவையில்லை என்று பூம்புகார் வரைக்கும் துடுப்புப் போட்டே போய்விட்டார். அங்கே புது ஒயர் மாட்டினார். தகடு அப்படியும் இறங்கவில்லை. லீவு தீர்ந்துகொண்டிருந்தது. எது ஆனாலும் ஆகட்டும் என்று கடலில் இறங்கினார்.

காற்று கரையிலிருந்து அடித்தது. படகு தொழுவத்தைப் பார்த்த மாடு மாதிரி கரையைப் பார்த்தே திரும்பியது. அவர் தெற்கே திருப்ப, அது மேற்கே திரும்ப, ஒரு பகல் முழுக்கத் தரங்கம்பாடிக்கு இந்தப் பக்கமே வட்டம் போட்டார். கை ஓய்ந்துபோன பிறகு மீன்பிடிக்கிறவர்கள் வந்து கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். அங்கிருந்து வேளாங்கண்ணிக்குப் பஸ். வண்டி ஏறி வந்தவன் எந்த முகத்தோடு உள்ளே போவது என்று, கோவில் வாசல் வரை போய் வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

லாரியில் படகு எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் பிரித்தார். நான் டார்ச் அடித்தேன். உள்ளேயிருந்து பழுப்பாக, கருவாட்டுத் துண்டு போல எதையோ சுரண்டி எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"கிரீஸ் கெட்டுப் போயிருக்கு. பலகையும் ஊறிருச்சு. என் டிராயிங்தான் தப்பு."

அவர் சுரண்டும்போது இரண்டு விதைகள் தரையில் விழுந்தன. நான் அவற்றைக் காலால் மறைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது. அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு, ஏன் போன ஞாயிறே சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. இப்படியே மூன்று வருஷம். இல்லாத பழுதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டியைப் புதிதாகச் செய்தார். கிரீஸ் வேண்டாம் என்று விளக்கெண்ணெய், பிறகு மெழுகு, பிறகு வாஸ்லின். வாயை ஒன்றரை அங்குலமாக்கினார். இனி கமலா ஆரஞ்சே வைக்கலாம். நான் டார்ச் பிடித்தேன். ஆபீசிலோ, கப்பல் சார் கடலில் வட்டம் போட்ட கதையை நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன். அவரும் உட்கார்ந்து சிரிப்பார்.

ஒரு ஆவணியில் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. மறு ஆவணியில் லீவு கிடைக்கவில்லை. மூன்றாவது ஆவணியில் முழங்கால் மடங்கவே மறுத்தது. படகின் ஓட்டைக்குள் அவரால் நுழைய முடியவில்லை. அந்த வருஷமே ஓய்வும் பெற்றார். பிரிவுபசார விழாவில் எல்லோரும் கேட்டுக்கொண்டதால் நான் அந்த வட்டத்தைக் கடைசித் தடவையாக நடித்துக் காட்டினேன். அவர் ஏற்புரை சொல்ல எழுந்தார். "முப்பது வருஷம் கோடு போட்டவன் நான். எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வரைஞ்சேன், அது தப்பாப் போச்சு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கும் சிலர் சிரித்தார்கள்.

மறுநாள் காலை உறையூருக்குப் போனேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "சார், உங்க பெட்டியில எந்தத் தப்பும் இல்ல. கெளம்பின அன்னிக்குக் காலையில நான்தான் அதுக்குள்ள எலுமிச்சம்பழம் வெச்சேன். திருஷ்டிக்கு."

டம்ளரைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் ஒரு தாளை இழுத்து, பென்சிலால் பெட்டியை வரைந்தார். "எந்தப் பக்கம் வெச்சீங்க?"

"இடது பக்கம் சார். ஒயர் சேர்ற இடத்துகிட்ட."

அங்கே ஒரு சின்ன வட்டம் போட்டார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"இங்க பழம் இருந்தா தகடு எறங்காது. யாரு செஞ்ச தகடா இருந்தாலும் எறங்காது."

"எறங்காது சார்."

"அப்ப என் டிராயிங் சரி." சிரிக்க ஆரம்பித்தார். "டீச்சர், இங்க வா. ஸ்ரீரங்கம் என்ன சொல்றாருன்னு கேளு. இன்னொரு தடவ சொல்லுங்க ஸ்ரீரங்கம்."

இன்னொரு தடவை சொன்னேன். டீச்சர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டார். "மாதாவுக்கு நாங்க வர்றது பிடிக்கலையோன்னுல்ல இத்தன நாளும் நெனச்சிட்டிருந்தேன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "அன்னிக்கே சொல்லிருந்தீங்கன்னா அடுத்த வருஷம் போயிருக்கலாமே தம்பி," என்றார். குரலில் கோபமே இல்லை. எனக்கும் ஒரு காபி கொண்டுவர உள்ளே போனார்.

கப்பல் சார் தாளைத் திருப்பினார். மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார், அது கடற்கரை. உச்சியில் பூம்புகார் என்று எழுதி, பென்சிலை அங்கே வைத்து, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பென்சில் மெதுவாகத் தெற்கே கிளம்பியது. தரங்கம்பாடி வந்தது, போயிற்று. காரைக்கால் கிட்டத்தில் பென்சில் தயங்கியது. காற்று பக்கவாட்டில் அடிக்கிறது என்றார்.

"தகட்ட எறக்குங்க சார்," என்றேன்.

இறக்கினார்.