கம்பளத்தின் மேல் நடந்த விபத்து

மனித குலம் தன் எலும்பைக் காப்பாற்றிக்கொள்ளப் பட்ட பாட்டை யாராவது வரலாறாக எழுதினால், அதன் கடைசி அத்தியாயத்தை எங்கள் பார்சல் கம்பெனியின் பொதுமேலாளருக்கு ஒதுக்கிவிட வேண்டும். ஓடுகிற வண்டியில் கவசம் அணிவது பெரிய விஷயமில்லை, யாரும் செய்வார்கள். நிற்கிற வண்டிக்கும், அதையும் தாண்டி உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கும் கவசம் தேவை என்று கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். பாதுகாப்புக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நிற்க வேண்டியிருந்தது.

போன மழைக்காலத்தில் பைக்கில் பார்சல் கொண்டு போகிற எங்கள் ஆட்கள் வரிசையாக விழுந்தார்கள். ஒருவருக்கு மணிக்கட்டு, இன்னொருவருக்கு முழங்கால். நிர்வாகம் உடனே 'போர்க்கால அடிப்படையில்' ஒரு குழுவை அமைத்தது. குழு பலமுறை கூடி, ஒவ்வொரு முறையும் பிஸ்கட் தீரும்வரை ஆலோசித்தது. ஓட்டுகிற எல்லோருக்கும் கவச உடை வாங்குவது என்றும், அதற்கு முன் ஒரே ஒரு செட் வாங்கிச் 'சோதித்து' அறிவது என்றும் முடிவாயிற்று.

செட் வந்தது. முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட், தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் கெட்டியாகப் பட்டை வைத்த ஜாக்கெட், தோல் கிளவுஸ், முட்டிக் கவசம், கணுக்கால் தாண்டிய பூட்ஸ். அறிமுக விழா மாடியில், புதுக் கம்பளம் விரித்த கூட்ட அரங்கில். சரக்கு லிஃப்டில் ஒரு பைக்கை ஏற்றிக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினோம். பொதுமேலாளர் உச்சி முதல் பாதம் வரை கவசம் பூண்டு வந்தார். நடக்கும்போது கொஞ்சம் கிறீச்சிட்டார்.

"சார், வண்டி மேல உக்காந்தா போட்டோ நல்லா வரும்," என்றார் கேமராவோடு நின்ற கணக்காளர்.

உட்கார்ந்தார். ஓட்டுவதுபோல் இருக்க வேண்டும் என்று தானே ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். ஹாண்டிலை ஒரு பக்கமாக முழுதும் திருப்பி, நிற்கிற வண்டியில் முன் பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தார். வண்டி மெல்லச் சாய்ந்தது. பைக் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்: ஒரு அளவு வரைக்கும் வண்டி நம் சொல் கேட்கும், அதற்கு மேல் நாம்தான் அதன் சொல் கேட்க வேண்டும். பொதுமேலாளர் அந்த அளவைத் தாண்டி, எந்த அவசரமும் இல்லாமல், கேமராவைப் பார்த்தபடியே தரை சேர்ந்தார். வண்டி அவர்மேல் படுத்தது.

எல்லோரும் ஓடிப்போய்த் தூக்கினோம்.

"சார், எங்கயாவது அடி பட்டுச்சா?"

"எங்கயும் இல்லய்யா! இந்த முட்டியத் தட்டிப் பாருங்க. தட்டுங்க!"

கணக்காளர் தட்டினார். டொக் என்றது. மற்ற முட்டியையும் நீட்டினார். அதுவும் டொக் என்றது.

"இது மட்டும் இல்லன்னா, இன்னைக்கு நான் உங்க முன்னாடி நின்னிருக்க மாட்டேன்," என்றார். குரல் தழுதழுத்தது. கம்பளத்தின் பங்கு பற்றி யாரும் பேசவில்லை. சந்தர்ப்பம் அப்படி.

சோதனை மாபெரும் வெற்றி என்று குழு அறிவித்தது. இவ்வளவு நல்ல பொருளை அவசரப்பட்டு எல்லோருக்கும் வாங்கிவிடக் கூடாது, 'மேலும் ஆராய' வேண்டும் என்றார் பொதுமேலாளர். அந்த ஆராய்ச்சியைத் தானே ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அலுவலகம் வந்தால் கவசத்தோடுதான். சுழல் நாற்காலியில் ஹெல்மெட்டோடு அமர்ந்திருப்பவரைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர் திகைத்தபோது, "இதுக்கும் சக்கரம் இருக்குல்ல? சக்கரம் இருந்தா வண்டிதான்," என்று விளக்கினார். ஹெல்மெட்டின் கண்ணாடியை லேசாகத் தூக்கி உறிஞ்சுகுழல் வழியாக டீ குடித்தார். கிளவுஸ் போட்ட கையால் காகிதம் புரட்ட வராது என்பதால், பக்கம் புரட்ட ஒருவரைப் பணித்தார். அந்தப் பெருமையும் எனக்கே வாய்த்தது.

இங்கே என் தங்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதே கம்பெனியில் பைக்கில் பார்சல் கொண்டு போகிறவள். சிட்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கணவர் கப்பலில் வேலை, வருவதே அபூர்வம். அவளும் பள்ளிக்கூடம் போகிற அவள் மகளும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். காலையில் மகளுக்கு இரட்டைச் சடை பின்னிவிட்டு, அதே கையோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். அந்த ஹெல்மெட் அவள் சொந்தமாக வாங்கியது. கம்பெனிக் கிடங்கைத் தாண்டியதும் ஒரு வளைவு. கல் லாரிகள் திரும்பும்போது சிந்திவிட்டுப் போகிற ஜல்லி எப்போதும் அங்கே கிடக்கும். கம்பெனிக்கு வருகிற பார்சல் எல்லாம் அந்த வளைவைக் கடந்துதான் வர வேண்டும்.

ஒருநாள் அவள் நேராகப் பொதுமேலாளர் அறைக்கே வந்துவிட்டாள்.

"சார், அந்த ஜாக்கெட்டும் கிளவுஸும் நான் வண்டி ஓட்டுற நேரத்துக்கு மட்டும் குடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும்."

ஹெல்மெட்டின் கண்ணாடி மேலே போனது. "ஏம்மா, நீ இதுவரைக்கும் விழுந்திருக்கியா?"

"இல்ல சார்."

"அப்புறம் உனக்கு எதுக்கு? நான் விழுந்தவன். பட்டவனுக்குத்தான் அருமை தெரியும்."

"வளைவுல ஜல்லி கிடக்கு சார். என்னைக்காவது ஒரு நாள்..."

"என்னைக்காவதுன்னா எப்படி? நாளைச் சொல்லு. அன்னைக்குக் காலைல வந்து வாங்கிக்கோ."

என் தங்கை லேசில் விடுகிறவள் இல்லை. "அப்ப நாளைக்கே விழறேன் சார்."

பொதுமேலாளர் பதறிப்போனார். "நாளைக்கு விழப்போறேன்னு சொல்றவகிட்ட கம்பெனி வண்டியக் குடுக்கலாமா? என்ன செயலாளர், நீங்களே சொல்லுங்க!"

எவ்வளவு உயர்ந்த தர்க்கம் பாருங்கள். விழாதவளுக்குக் கவசம் வேண்டாம், விழப்போகிறவளுக்கு வண்டியே கிடையாது. "குழு பரிசீலிக்கும் சார்," என்றேன்.

வராந்தாவில் தங்கை என்னை மடக்கினாள். "அண்ணே, நீ யாரு பக்கம்?"

"நான் பக்கம் புரட்டுற பக்கம்மா."

அவள் சிரிக்கவில்லை.

அவள் விழுந்தது, மழை கிழை எதுவும் இல்லாத வெள்ளை வெயிலில். வளைவில் எதிரே லாரி திரும்பியிருக்கிறது. பிரேக் பிடித்திருக்கிறாள். முன்சக்கரம் ஜல்லியில் வழுக்கி, வண்டி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் போயிருக்கிறார்கள். கிடங்கிலிருந்து போன் வந்தபோது நான் பொதுமேலாளருக்குப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், சிட்டு வளைவுல விழுந்துட்டாளாம்."

"ஐயையோ! பார்சல்?"

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க சார்."

"பார்சலையா?"

"என் தங்கச்சிய சார்."

"ஓ," என்றார்.

தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. விரிசல் விட்ட ஹெல்மெட் கட்டிலுக்கடியில் கிடந்தது. அது இல்லாதிருந்தால் நான் இந்தக் கதையை இந்தக் குரலில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் இரண்டு உள்ளங்கையும் உரிந்திருந்தன. முழங்கையும் முட்டியும் அப்படியே. விழுகிறவர்கள் கையைத்தான் ஊன்றுவார்கள். நர்ஸ் இடுக்கியால் ஜல்லித் துகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"தோல் கிளவுஸ் போட்டிருந்தா, அந்தத் தோல் போயிருக்கும்," என்றார் என்னிடம். "இப்ப இவங்க தோல் போயிருக்கு. இதுக்கெல்லாம் ஆபீஸ்ல எதுவும் தர மாட்டாங்களா?"

நான் சுவரைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. செயலாளருக்கு இரண்டும் கூடாது.

"அண்ணே," என்றாள் தங்கை, பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்தப் பெட்டிய நீயே கொண்டுபோய்க் குடுத்துடு. லேட்டானா பேசுவாங்க."

பெஞ்சில் பார்சல் இருந்தது. 'உடையும் பொருள், கவனம்' என்று ஒட்டிய காகிதம்கூடக் கசங்கவில்லை. பெறுபவர், எங்கள் பொதுமேலாளர்.

அவர் அறையில் அதைப் பிரித்தோம். கிளவுஸ் கைக்கு டேப் பிடிபடாததால் நான்தான் பிரித்தேன். அட்டைக்குள் தெர்மாகோல், அதற்குள் குமிழி குமிழியாகக் காற்றடைத்த பிளாஸ்டிக் தாள் சுற்றுச் சுற்றாக, அதற்குள் இன்னொரு உறை. கடைசியில் புத்தம்புது ஜாக்கெட் ஒன்றும் தோல் கிளவுஸ் ஒரு ஜோடியும் வெளியே வந்தன.

"இது யாருக்கு சார்?" என்றேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நான் முட்டாளாக இருந்தேன்.

"எனக்குத்தான்யா. போட்டிருக்கிறதைத் துவைக்கப் போட்டா அன்னைக்கு நான் என்ன பண்றது?" ஜாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அவ்வளவு வேகத்துல விழுந்தும் ஒரு கீறல் இல்ல பாருங்க! இதுதான் தரம்!"

மறுநாள் காலை மருமகளுக்கு நான் சடை பின்னினேன். தங்கை கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பிரியை எதன்மேல் போட வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொடுத்தாள். குழந்தை கண்ணாடியில் பார்த்தது.

"மாமா, இது சடை இல்ல, மூட்டை கட்டுற கயிறு," என்றது. பிறகு அம்மாவின் கையைப் பார்த்து, "எப்பம்மா சரியாகும்?" என்று கேட்டது. தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாதுகாப்பு நாள் வந்தது. நிர்வாகத்தின் 'சிறந்த பாதுகாப்பாளர்' விருது, போட்டியின்றிப் பொதுமேலாளருக்கு. அதே அரங்கம், அதே கம்பளம். புது ஜாக்கெட்டும் கிளவுஸும் அணிந்து, போட்டோவுக்காகக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மேடையில் கம்பீரமாக அமர்ந்தார். ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். என் தங்கை முன்வரிசையில் இருந்தாள். கைதட்டும்படி அறிவித்தபோது அவளால் மட்டும் தட்ட முடியவில்லை.

பாராட்டுரை வாசிக்க வேண்டியவன் நான். எழுதி வைத்திருந்ததை மடித்துப் பையில் வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"குழு அமைத்த பிறகு நம் கம்பெனியில் விழுந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கம்பளத்தின் மேல், நிற்கிற வண்டியிலிருந்து, கவசம் போட்டுக்கொண்டு விழுந்தார். இன்னொருவர் ஜல்லியின் மேல், ஓடுகிற வண்டியிலிருந்து, அவருக்கு இன்னொரு கவசம் சுமந்துகொண்டு விழுந்தார். விருது முதலாமவருக்கு."

அரங்கம் அசையவில்லை. தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் எந்தப் பக்கம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எனக்கும்தான்.

மேடையில் பொதுமேலாளர் மட்டும் எழுந்து கைதட்டினார். கெட்டியான தோல் கிளவுஸ், சத்தம் வரவில்லை. பிறகு இறங்கி வந்து, கண்ணாடியைத் தூக்கி, என் தோளைத் தட்டினார்.

"பிரமாதமாப் பேசினீங்கபோல இருக்கே, எல்லாரும் அப்படியே உறைஞ்சு போயிட்டாங்க! இதைப் போட்டுக்கிட்டா எனக்குத்தான் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. என்ன சொன்னீங்க?"

என் தங்கை எழுந்து வந்து, கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பார்த்தார். "ஜாக்கிரதையா இரும்மா," என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

அந்த உடையின் தரத்தை இனி யாரும் சந்தேகிக்க வேண்டாம். அது அவரை எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றியது, வெட்கத்திலிருந்துகூட.