நெடுநிலை நாட்டில் பெண்கள் உட்கார்ந்த வரலாறு

மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலுமாக நெடுநிலை என்றொரு நாடு இருந்தது. மழை தவறாமல் பெய்தது, வயல் விளைந்தது, தறி ஓடியது. குறை என்று சொல்ல ஒன்றுதான் உண்டு. அந்த நாட்டில் பெண்கள் உட்காரக் கூடாது.

எந்த அரசர் காலத்தில் அந்தச் சட்டம் வந்ததென்று யாருக்கும் தெரியாது. காரணம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். பெண் குடும்பத்தின் தூண். தூண் உட்கார்ந்தால் கூரை விழுந்துவிடும் என்று பாடப் புத்தகத்திலேயே இருந்தது. இதைப் படித்துவிட்டு ஆண்கள் கூரைக்குக் கீழே நிம்மதியாக உட்கார்ந்தார்கள். வீட்டில் ஆண்கள் விழித்திருக்கும் வரை பெண்கள் நிற்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் ஆண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். நின்றபடி சமைத்தார்கள், நின்றபடி சாப்பிட்டார்கள், நின்றபடியே பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். பாதி வயதுக்குள் அவர்களுடைய கால் நரம்புகள் கயிறு போலச் சுருண்டு புடைத்தன. அரண்மனை வைத்தியர் அதற்கு 'குலமகள் நரம்பு' என்று பெயரிட்டு, நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு மட்டுமே வருவது என்று எழுதிவைத்தார்.

தலைநகரின் நடுவே அரண்மனைக்குச் சொந்தமான துணிக்கடை இருந்தது. அங்கே பட்டுப் பிரிவில் முப்பிடாதி என்ற பெண் வேலை பார்த்தாள். கணவனை இழந்தவள், கனத்த குரல்காரி, எதையும் பட்டென்று பேசிவிடுவாள். அவளுக்கு அடுத்து நின்றவள் வடிவு. நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

ஆடித் தள்ளுபடி நேரம். கூட்டம் நெரிந்தது. வடிவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"யக்கா, காலு ரெண்டும் என் காலுதானான்னே தெரியல," என்றாள்.

முப்பிடாதி சுற்றிலும் பார்த்தாள். கண்காணிப்பாளர் மாடிப்படியில் நின்றிருந்தார். அவள் குரலைத் தாழ்த்தி மற்றப் பெண்களிடம் சொன்னாள்: "ஏட்டி, ஆளுக்கொரு சேலையை விரிச்சுப் பிடிங்க. விக்கிறதுக்குக் காட்டுத மாதிரி பிடிங்க. நெருக்கமா நில்லுங்க."

பெண்கள் சேலைகளை விரித்துப் பிடித்தார்கள். பச்சையும் அரக்கும் மாம்பழ நிறமுமாக ஒரு திரை எழுந்தது. அதற்குப் பின்னால், ஒரு துணி மூட்டையின் மேல், வடிவு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஒரு நீண்ட மூச்சு விட்டாள். பின்னாளில் உண்டான மாதர் சங்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த மூச்சிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

திரை அதிக நேரம் நிற்கவில்லை. ஒரு வாடிக்கையாளர், அந்த மாம்பழ நிறச் சேலைதான் வேண்டுமென்று பிடித்து இழுத்தார். கண்காணிப்பாளர் ஓடிவந்தார். தண்டனையாக, வடிவு கடை மூடும் வரை வாசலில் எல்லாரும் பார்க்க நிறுத்தப்பட்டாள். வீடு திரும்பும் வழியிலேயே அவளுக்கு வலி கண்டது. குறைமாதத்தில், ஒரு கைக்குள் அடங்குகிற அளவில், பெண் குழந்தை பிறந்தது. பிழைக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முப்பிடாதிக்கு வேலை போயிற்று. உட்காரவைத்த குற்றம் என்று காரணம் சொன்னார்கள்.

சேலை பிடித்த பெண்கள் முறைவைத்து வடிவின் வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தி வெந்நீர் வைத்தாள், ஒருத்தி தன் பாலைக் கொடுத்தாள், ஒருத்தி குழந்தையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சூடு கொடுத்தாள். குழந்தை பிழைத்தது. பூவரசி என்று பெயர் வைத்தார்கள். அவள் பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த அன்று, அந்த வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, பெண்கள் எல்லாரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். 'சரிசம மாதர் சங்கம்' அங்கே உண்டாயிற்று. அதன் முதல் தீர்மானம் உட்கார்ந்தபடியே நிறைவேற்றப்பட்டது.

அப்போது நாட்டில் தறிக்காரர்களுக்கென்று ஒரு சிவப்புக் கொடிச் சங்கம் இருந்தது. அதன் தலைவர் ஆண்டியப்பன் நேர்மையானவர், இரண்டு முறை சிறைக்குப் போய் வந்தவர். முப்பிடாதி அவரிடம் ஆதரவு கேட்டுப் போனாள்.

"நியாயமான கோரிக்கைதான் தோழர்," என்றார் அவர். "ஆனா இப்ப கூலிப் போராட்டம் நடக்குது. அது முடியட்டும். வர்க்கம் ஜெயிச்சா இதெல்லாம் தானாத் தீந்துரும்."

"இதை நீங்க உக்காந்துக்கிட்டுச் சொல்லுதீங்க. நான் நின்னுக்கிட்டுக் கேக்கேன்," என்றாள் முப்பிடாதி.

ஆண்டியப்பன் தன் நாற்காலியைப் பார்த்தார். பிறகு எழுந்து, அதை அவள் பக்கமாகத் தள்ளினார். "எனக்கு இது தோணாமப் போச்சு," என்றார். சங்கக் கொட்டகையில் ஒரு பெண் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. சில தோழர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள்.

கோரிக்கை அரண்மனைக்குப் போயிற்று. தலைமை அமைச்சர் அறிவாழியார் ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தார். மெத்தை நாற்காலிகளில் அமர்ந்து அக்குழு பல மாதம் ஆய்ந்தது. பெண்களையும் கேட்க வேண்டாமா என்று இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார்.

"கேட்கலாம்," என்றார் அறிவாழியார். "ஆனால் அவைக்கு வந்தால் அவர்கள் நெடுநேரம் நிற்க நேரிடும். அந்தச் சிரமத்தை நம் தாய்க்குலத்துக்குத் தர இக்குழுவுக்கு மனம் ஒப்பவில்லை."

அந்த இரக்கம் குறிப்பில் ஏற்றப்பட்டது.

முதல் அரசாணை வந்தது. பெண்கள் இனி வேலை நேரத்தில் சுவரில் சாய்ந்துகொள்ளலாம். மறுநாளே துணிக்கடைச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அது காய்வதற்குள் மறுபடி அடித்தார்கள். சாய்ந்தவர்களின் முதுகில் வெள்ளை ஒட்டியது. சீருடையைக் கெடுத்ததற்காக அவர்கள் நீக்கப்பட்டார்கள்.

மாதர் சங்கம் ஊர்வலம் போயிற்று. இரண்டாம் அரசாணை வந்தது. ஒவ்வொரு கடையிலும் பெண்களுக்கு நாற்காலி வழங்கப்பட வேண்டும். கடைக்காரர்கள் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் பின்பற்றி, நாற்காலிகளை வாங்கி, உத்தரத்துக்கு அருகே ஆணியடித்து மாட்டினார்கள். வழங்கச் சொல்லியிருந்ததே தவிர, உட்காரவிடச் சொல்லவில்லை. பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நாற்காலிகளைத் துடைக்கும் வேலையும் அவர்களிடமே வந்தது. அதற்காக ஏணி மேல் நிற்க வேண்டியிருந்தது.

மூன்றாவதாக அரசர் பெருமனது கொண்டார். ஆண்டில் ஒரு நாள் மகளிர் மாண்பு நாள். அன்று உழைக்கும் பெண் ஒருத்தியைப் பூ அலங்கரித்த நாற்காலியில் அமர்த்தி ராஜவீதி வழியாகச் சுமந்து வருவார்கள். மற்றப் பெண்கள் விடிந்தது முதல் வீதியின் இரு பக்கமும் நின்று அவளை வாழ்த்த வேண்டும். நிற்காதவர்களுக்கு வேலை இல்லை.

முதல் ஆண்டு பூநாற்காலிக்கு வடிவைத் தேர்ந்தெடுத்தார்கள். அது அமைச்சரின் யோசனை.

"போகமாட்டேன் யக்கா," என்றாள் வடிவு.

"நீ போ, ஏட்டி. போய் ஒசரத்துல இருந்து பாரு. எங்கள்ல யாரு யாரு மயங்கி விழுதான்னு அங்கிருந்துதான் நல்லாத் தெரியும்," என்றாள் முப்பிடாதி.

வடிவு போனாள். வெயில் ஏறியது. மாலைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். கிழவிகள் நின்றார்கள், கர்ப்பிணிகள் நின்றார்கள். இடுப்பில் பிள்ளையோடு நின்றவர்கள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார்கள். அரச மேடை முன்னால் பூநாற்காலியை இறக்கினார்கள். நன்றியுரை சொல்லும்படி அறிவாழியார் கையசைத்தார்.

வடிவு எழுந்தாள். "எனக்கு மட்டும்னா வேண்டாம்யா," என்றாள். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, வீதியின் நடுவில், வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

அவளைத் தொடர்ந்து முதலில் முப்பிடாதி உட்கார்ந்தாள். பிறகு துணிக்கடைப் பெண்கள். பிறகு மீன்காரிகள், நெல் அவிப்பவர்கள், யாரென்றே தெரியாத பெண்கள். வீதி முழுவதும் வரிசை வரிசையாக இறங்கிற்று. அப்போது யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கூட்டத்தில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஓடிவந்து அம்மாக்களின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டன. நிற்கிற பெண்ணுக்கு மடி கிடையாது. பட்டப்பகலில் ஒரு மடி எப்படி இருக்குமென்று அந்த நாட்டுப் பிள்ளைகள் அன்றுதான் கண்டன. வடிவின் மடியில் பூவரசி படுத்திருந்தாள். கல்மனசு என்று பெயரெடுத்த மீன்காரி ஒருத்தி, தன் மகன் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள்.

வீரர்கள் தடியோடு வந்தார்கள். முப்பிடாதியின் வலது முட்டி அன்று உடைந்தது; பிறகு அது மடங்கவே இல்லை. பிடித்த பெண்களையெல்லாம் சிறையில் அடைத்தார்கள். சிறையில் பெண்கள் உட்காரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை. ஆகவே நெடுநிலை நாட்டுப் பெண்கள் சிறையில்தான் தாராளமாக உட்கார்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கஞ்சி காய்ச்சிய பெண், அதிகாரி பார்க்காதபோது அதில் உப்பும் மோரும் சேர்த்தாள்.

வெளியே ஆண்டியப்பன் தறிகளை நிறுத்தினார். தறிக்காரர்கள் சிறை வாசலில் வந்து நின்றார்கள். பெண்கள் வெளியே வரும்வரை நாங்கள் உட்காரமாட்டோம் என்றார்கள். சில நாளில் அவர்களுடைய கால்கள் வீங்கின. வைத்தியர் வந்து பார்த்து, இதற்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல் திரும்பிப் போனார். துணிக்கடையில் விற்கப் பெண்ணும் இல்லை, விற்கத் துணியும் இல்லை. திருவிழா நெருங்கியது. அரசர் இறங்கிவந்தார்.

புதுச் சட்டம் சுருக்கமாக இருந்தது. அதை முப்பிடாதியே சொல்லச் சொல்ல எழுதினார்கள். உழைப்பவரும் காத்திருப்பவரும், ஆணாயினும் பெண்ணாயினும், உட்காரலாம். இருக்கை தருவது அந்த இடத்தாரின் கடமை.

அதற்குப் பிறகு கூரை எதுவும் விழவில்லை.

ஆண்டுகள் ஓடின. ஆண்டியப்பன் காலமானார். பூவரசி வளர்ந்து மாதர் சங்கத்தின் செயலாளர் ஆனாள். சட்டம் எழுதுகிற அவையிலும் பெண்களுக்கு இருக்கை வேண்டும் என்று அவள் கேட்டாள். அவைக்கு அது முதலில் நகைச்சுவையாகப் பட்டது, பிறகு ஆபத்தாகப் பட்டது, கடைசியில் தேர்தல் வந்தபோது புனிதமாகப் பட்டது. மூன்றில் ஒரு பங்கு இருக்கைகள் பெண்களுக்கே என்ற சட்டம் ஒரே நாளில், ஒருமனதாக, மேசையைத் தட்டும் ஓசைக்கு நடுவே நிறைவேறியது. முதுமையிலும் நாற்காலியை விடாத அறிவாழியார் விளக்கினார்:

"இச்சட்டம் இன்றே பிறந்துவிட்டது. முதலில் குடிமக்களை எண்ண வேண்டும். எண்ணிய பின் எல்லைகளை அளக்க வேண்டும். அளந்த பின் நாற்காலிகளுக்கு உரிய மரம் நட வேண்டும். மரம் வளர்ந்ததும் தாய்க்குலம் வந்து அமரலாம். இப்போது நன்றி கூறுவார்கள்."

பார்வையாளர் மாடத்திலிருந்து முப்பிடாதி கம்பை ஊன்றி எழுந்தாள். மடங்காத முட்டியோடு எழுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவை பொறுமையோடு காத்தது.

"நன்றி சொல்லத்தான் வந்தேன்," என்றாள். "சேலையை விரிச்சுப் பிடிச்சவளுகளுக்கு நன்றி. தன் பிள்ளைக்கு இருந்த பாலை எங்க பிள்ளைக்குக் கொடுத்தவளுக்கு நன்றி. வேண்டாம்னு கீழ எறங்குன வடிவுக்கு நன்றி. கஞ்சியில உப்புப் போட்ட மகராசிக்கு நன்றி. நாற்காலியத் தள்ளிக் கொடுத்த ஆண்டியப்பன் தோழருக்கும், கால் வீங்க நின்ன தறிக்காரவுகளுக்கும் நன்றி. அன்னிக்கு வீதியில அடிபட்டு எந்திரிக்காமலே போனவளுக இருக்காளுவ. அவளுகளுக்கு எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியல."

வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாடத்தில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தங்கள் பெயர் அடுத்து வரும் என்று அவையினர் கொஞ்ச நேரம் எதிர்பார்த்தார்கள். முப்பிடாதி உட்கார்ந்துவிட்டாள்.

குடிமக்களை எண்ணும் வேலை இன்னும் தொடங்கவில்லை. பெண்களுக்கு உரிய நாற்காலிகளில் ஆண்களே அமர்ந்து, அந்த இருக்கைகளின் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். மரம் நட்டாயிற்றா என்று கேட்க மாதந்தோறும் பூவரசி அவை வாசலுக்குப் போகிறாள். காத்திருப்பவருக்கு இருக்கை தர வேண்டும் என்பது சட்டமாகையால், வாயில் காவலர் அவளுக்கு ஒரு நாற்காலி போடுவார். முதல் மாதம் அவள் தனியாகப் போனாள். அடுத்த மாதம் துணிக்கடைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்து மீன்காரிகள் வந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பெண்கள் வந்தார்கள்.

போன மாதம் வாசலில் நாற்காலி போதவில்லை. காவலர் நல்ல மனிதர், சட்டத்துக்குப் பயந்தவர். அவைக்கு உள்ளே போய் அங்கிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து போட்டார். பெண்கள் ஒவ்வொருவரும் "ரொம்ப நன்றிண்ணே" என்று சொல்லி உட்கார்ந்தார்கள். அவைக்குள் அன்று உறுப்பினர்கள் சிலர் நின்றுகொண்டே பேசியதாகச் சொல்கிறார்கள்.