உன் அண்ணனின் நடைக் காலணிகள்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. இன்றோடு எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. மறதி வந்த கிழவி எழுதியது என்று நீ இதை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு துல்லியம்.

அன்புள்ள கொழுந்தனுக்கு, அண்ணி எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீ நலமாக இல்லை என்பதைப் போன சனிக்கிழமை உன் வீட்டுக்கு வந்து நேரிலேயே பார்த்துவிட்டதால், நலமறிய ஆவல் என்ற வரியை இம்முறை விட்டுவிடுகிறேன்.

உன் மனைவி தொலைபேசியில், “அக்கா, நீங்களாவது வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறாரு” என்று அழுததால்தான் வந்தேன். நீ முன்னறையில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாய். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி நூற்று எழுபத்திரண்டு, கீழே நூற்று நான்கு என்று காட்டியது. “மெஷின் கோளாறு, இவளுக்குப் போட்டுப் பாருங்க” என்றாய். அவளுக்கு நூற்றுப் பதினெட்டு. எனக்கு நூற்று இருபத்து நான்கு. அதிலும் திருப்தியில்லாமல், சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்திருந்த பிளம்பரை, “சார், வேலை கிடக்கு” என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, “அட, ரெண்டு நிமிஷம் கையை நீட்டுய்யா” என்று இழுத்து உட்கார வைத்தாய். ஈரக் கையோடு அவருக்கு நூற்று இருபத்தாறு. “கண்டவனுக்கெல்லாம் சரியாக் காட்டுது, எனக்குன்னா மட்டும் வம்பு பண்ணுது!” என்று கருவியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினாய். அங்கே புதிதாக ஒன்றை மாற்றி வாங்கிக் கட்டிப் பார்த்ததில் நூற்று எழுபத்தாறாம். “சார், இதுக்கு மேல மாத்தணும்னா உங்களத்தான் மாத்தணும்” என்று கடைக்காரர் சொன்னதை நீயே வந்து கோபமாகச் சொன்னாய். அந்தத் தெருவிலேயே புத்தியுள்ளவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

டாக்டர் உன்னை நடக்கச் சொல்லி ஏழு மாதமாகிறது. அதற்கென்று நீ வாங்கிப் போட்ட ட்ரெட்மில்லில் துண்டுகளும் தலையணை உறைகளும் காய்கின்றன. உன் வீட்டில் தினமும் தவறாமல் அதில் ஏறி இறங்குவது அவை மட்டுமே. நான் வாயைத் திறந்ததும் நீ என்ன செய்தாய்? கண்ணாடி அலமாரியைக் காட்டினாய். அதில், நீ விளையாட்டில் வாங்கிய இரண்டு கோப்பைகளுக்கு நடுவே, நினைவாக என்னிடம் கேட்டு வாங்கிப் போன உன் அண்ணனின் நடைக் காலணிகள்.

“அண்ணி, அண்ணன் பதினோரு வருஷம் ஒரு நாள் விடாம நடந்தாரு. வேர்வை சொட்டச் சொட்ட வீட்டுக்கு வருவாரு, நானே பாத்திருக்கேன். பதினோரு வருஷமும் ஒரே ஜோடி ஷூ, என்ன ஒரு பொறுப்பு! கடைசியில என்ன ஆச்சு? பிரஷர் ஏறி மூளையில ரத்தக்குழாய் வெடிச்சுத்தானே போனாரு? நடந்தவரு போயிட்டாரு, நடக்காதவன் உக்காந்திருக்கேன். காலேஜ்ல பாடம் நடத்தினவங்க, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க!”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஜெயித்துவிட்டதாக நீ நினைத்திருப்பாய். தீர்ப்பை இப்போது எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் உடலியங்கியல் கற்பித்தவள் சொல்கிறேன், கேள். இதயம் ஒரு தசை. வேலை கொடுத்தால் வலுக்கும். வலுத்தால் ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும். ஆகவே ஓய்வில் குறைவாகத் துடித்தாலே போதும். நடக்கும்போது வேகமெடுக்கும் ரத்தம் குழாய்களின் உட்சுவரை உரசிக்கொண்டு ஓட, அந்தச் சுவர் ஒரு வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது. குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் நாளடைவில் பிடியைக் குறைக்கின்றன. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் மேல் எண் ஐந்திலிருந்து எட்டு வரை இறங்கக்கூடும். நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழையபடி ஏறிவிடும். (உனக்கு எந்த வேகத்திலும் பாட வராது, நீ பாடினால் கேட்பவர்களுக்குத்தான் அழுத்தம் ஏறும்.) நடை மாத்திரைக்கு மாற்று அல்ல, மாத்திரைக்குத் துணை. உன் எண்ணுக்கு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு மெதுவாகத் தொடங்க வேண்டும். இதில் எந்த வரி உனக்குப் புரியவில்லை?

இனி உன் அண்ணன் விஷயம். ஒருவர் நடந்தும் இறந்தார் என்பதால் நடையே வீண் என்று ஆகிவிடாது. உங்கள் அப்பாவும் அறுபதில் இதே வியாதியில்தான் போனார். உன் அண்ணன் சாப்பாட்டில் உப்பைக் கொட்டிக்கொள்வார், கோபத்தை என் மேல் கொட்டுவார். நடை ஆபத்தைக் குறைக்குமே தவிர, அழித்துவிடாது. கற்றறிந்தவர்கள் இப்படித்தான் வாதிடுவார்கள். நானும் இதை மூன்று முறை எழுதி, மூன்று முறை கிழித்து, நான்காம் முறையாக எழுதுகிறேன். அரைகுறைத் திருப்திதான்.

என் ஓரகத்திக்கு என் அன்பு. உனக்கு நூறாண்டு வாழ்க என்று ஆசி சொல்ல மாட்டேன். அத்தனை ஆண்டு உன்னைச் சகிக்க வேண்டியவள் அவள். கைகால் விளங்கி, வாய் குழறாமல் இரு. அது போதும்.

இப்படிக்கு,
உன் அண்ணி

பின்குறிப்பு: மேலே எழுதிய வாதம் எதுவும் தேவையில்லை. உன் அண்ணன் நடக்கவே இல்லை. எங்கள் கட்டடத்திலிருந்து மூன்றாவது கடையான சலூனில் உட்கார்ந்து, சர்க்கரை போட்ட டீயும் உப்புக் கடலையுமாக ஒரு மணி நேரம் செய்தித்தாள் படிப்பார். கிளம்பும்போது சலூன்காரர் முடி வெட்ட வைத்திருக்கும் தண்ணீர்த் தெளிப்பானால் அவர் முகத்திலும் சட்டையிலும் அடித்து அனுப்புவார். நீ பார்த்த வேர்வை அதுதான். நம்பாவிட்டால் அலமாரியைத் திறந்து காலணியைத் திருப்பிப் பார். அடிப்பாகத்தின் வளைவில் கடைக்காரர் ஒட்டிய அளவுச் சீட்டு இன்னும் உரியாமல் இருக்கும்.

முதல் வருடமே, பால் வாங்கப் போனபோது கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டேன். ஆனால் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் அந்த வீட்டில் யாரும் என்னை அதட்டாத நேரம். கடைசியாக அவரோடு மருத்துவமனைக்குப் போனபோது, டாக்டர் மாத்திரையைக் கூட்டலாமா என்று யோசித்தபடி, “தினமும் நடக்கிறீங்களா?” என்று கேட்டார். “ஒரு மணி நேரம்” என்றார் உன் அண்ணன். டாக்டர் என் பக்கம் திரும்பி, “நிஜமாம்மா?” என்றார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் மாத்திரையைக் கூட்டவில்லை.