‘மூன்றாம் மாடிக் குழாய்’க்குக் கால் நட்சத்திரமா?

மரியாதைக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு, முப்பத்தாறு வருடம் ஊரார் வீட்டுக் குழாய்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற வாசகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும், அந்தச் சினிமா விமர்சகர் நீங்கலாக, நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் ‘மூன்றாம் மாடிக் குழாய்’ என்ற பேய்ப் படத்துக்குக் கால் நட்சத்திரம் போட்டு, ‘கொட்டாவிப் படம்’ என்று ஒரே வரியில் ஊதித் தள்ளிவிட்டீர்கள். எங்கள் தெருமுனைத் திரையரங்கில் மதியக் காட்சியாக அது ஒன்பது நாளாக ஓடுகிறது, ஒன்பது நாளும் நான் போயிருக்கிறேன். மேனேஜரோ, “பத்திரிகைல ரெண்டு நல்ல வார்த்தை வந்தா பார்க்கலாம் சார், இல்லன்னா வியாழக்கிழமையோட தூக்கிடுவேன்” என்கிறார். தூக்கிவிட்டால் நான் எங்கே போவேன்?

கதை இதுதான். மூன்றாம் மாடியில் ஒரு வாத்தியார் தனியாகக் குடிவருகிறார். தினமும் மதியம் சமையலறைக் குழாய் தானாகத் திறந்துகொள்கிறது, அவர் போய் மூடுகிறார், மறுபடி திறக்கிறது. ஒரு அலறல் கிடையாது, டமால் டுமீல் கிடையாது, தலைவிரி கோலம் கிடையாது. ஜன்னல் திரை ஆடும், வெயில் தரையில் மெல்ல நகரும், சொட்டு, சொட்டு, சொட்டு. முதல் நாள், “வாஷர் போயிருக்கு, அஞ்சு நிமிஷ வேலை!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முன் வரிசையில் இருந்த ஒரே ஆளும் எழுந்து போய்விட்டார். அப்புறம் எனக்கும் கண் சொருகியது.

இங்கேதான் உண்மையைச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்தே எந்தப் படமானாலும் பாதியில் தூங்கிவிடுவேன். மீதிக் கதையை என் வீட்டுக்காரி பஸ்ஸில் வரும்போது சொல்லுவாள். அவள் போய் இரண்டு வருடமாகிறது. அதற்கப்புறம் எத்தனையோ படத்துக்குப் போய்ப் பார்த்தேன், எவன் தூங்க விடுகிறான்? காது கிழிகிறது. இந்தப் படத்தில் மட்டும் சொட்டு விழ விழ, பக்கத்து இருக்கை மெல்லக் கிறீச்சிடுகிறது, “தூங்கிட்டீங்களா? சரி, கேளுங்க” என்கிறாள். “அது பயமுறுத்த வர்ற பேய் இல்லீங்க. அதோட புருஷன் குழாய் ரிப்பேர்க்காரரு. ஊர்ல எல்லார் வீட்டுக்கும் ஓடுவாரு, சொந்த வீட்டுச் சமையல் ரூம் குழாயை மட்டும் நாளைக்கு நாளைக்குன்னே தள்ளிட்டாரு. இப்பவாவது பண்றாரான்னு பார்க்க வருது.” நான் “நாளைக்குக் கண்டிப்பா...” என்று ஆரம்பிப்பதற்குள் சிரிக்கிறாள். தினம் கொஞ்சம்தான் சொல்வாள். நேற்று அந்தப் பேய் மொட்டை மாடிக்குப் போய், காய்ந்த துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் மேகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். முடிவை இன்னும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் குழாய்க்கும் வாஷர் வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். மாட்டத்தான் கை வரவில்லை. மாட்டிவிட்டால் அவள் வருவதை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

விளக்குப் போட்டதும் என்னை எழுப்புவது, அங்கே பெருக்க வரும் அம்மாதான். மொட்டை மாடிக் காட்சி அபாரம் என்று அவரிடம் மெச்சினேன். “என்னண்ணே சொல்றீங்க? படத்துல மொட்டை மாடியே கிடையாது. வாத்தியாரு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுறாரு, அவ்ளோதான்” என்றார். பார்த்தீர்களா ஆசிரியர் அவர்களே, முழித்துக்கொண்டு பார்ப்பவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார்கள்! உங்கள் விமர்சகரை நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல்லி மறுபடி அனுப்புங்கள். நான்கு நட்சத்திரம் போட்டு, ஊரே திரண்டு வரும்படி கொட்டை எழுத்தில் எழுதுங்கள். நான் முடிவைக் கேட்டாக வேண்டும்.

தங்கள் பேனாவில் மை வற்றாமலும், தங்கள் வீட்டில் ஒரு குழாயும் ஒழுகாமலும் இருக்க வாழ்த்தும்,
ஓய்வு பெற்ற குழாய்க்காரன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது மேனேஜர் போன் செய்தார். வேறு படம் கிடைக்கவில்லையாம், இன்னும் ஒரு மாதம் இதேதான் ஓடுமாம். ஆகவே இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். கால் நட்சத்திரமே அதிகம். முடிந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள். கூட்டம் வந்தால் என் பக்கத்து இருக்கையில் யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.