பன்னிரண்டு மாதமாகப் பிள்ளை பெறாத மெய்லானைப் பற்றிப் பத்திராதிபருக்கு ஒரு விண்ணப்பம்

சேரன்மகாதேவி,
பரிதாபி வருஷம், மாசி மாதம் 3ஆம் தேதி.

மகாராஜராஜஸ்ரீ பத்திராதிபர் ஐயா அவர்கள் சமுகத்திற்கு,

பெண் பாடசாலை ஐந்தாம் வகுப்பு சண்முகசுந்தரி அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அப்பா, அம்மா, நான், பசு யாவரும் க்ஷேமம். அவ்விடம் தாங்களும், அச்சுக்கூடத்தாரும், முக்கியமாக மெய்லானும் க்ஷேமந்தானா என்று அறிய ஆவல்.

ஐயா, சரித்திரம் என்றால் ராஜாக்கள் பட்டம் கட்டிக்கொண்டதும் செத்துப்போனதும்தான் என்று நினைத்திருந்தேன். எங்கள் பாடபுத்தகத்தில் வேறு மனிதரே கிடையாது. தங்கள் பத்திரிகையில் ‘காயல்துறைக் கப்பல்’ தொடர்கதையைப் படித்த பிறகுதான், அறுநூறு வருஷத்துக்கு முன்னால் நம்முடைய தாமிரபரணி கடலில் விழுகிற இடத்தில் அரபுக் குதிரை வியாபாரியும், கொல்லத்துக் கிறிஸ்தவ மிளகு வியாபாரியும், சீனத்துக் கப்பல்காரரும் ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்தார்கள் என்று கண்டேன். அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு நினைவே வரவில்லை.

மாதந்தோறும் தபால்காரர் இதழைக் கொடுத்தவுடன் முற்றத்தில் உட்கார்ந்து மூன்று பேருக்கு உரக்க வாசிப்பேன். ஒருவர் அம்மா. ஒருவர் பத்தமடையிலிருந்து பாய் விற்க வருகிற ஜுபைதா பீவி அக்காள். இன்னொருவர் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற ஜெபகனி அக்காள். அரபு வியாபாரியின் மனைவி கதைக்குள் வந்தால் ஜுபைதா பீவி அக்காள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். மிளகு வியாபாரி பொய் சொன்னால் ஜெபகனி அக்காள், “அவுக கொல்லத்துக்காரவுக, எங்க சபை இல்ல” என்பார்கள். மெய்லானுக்குத்தான் எங்கள் தெருவில் சொந்தம் யாரும் இல்லை. புருஷன் மதுரைக்குப் போய்விட, அரபு வீட்டில் காத்திருக்கிற அந்தச் சீனத்துப் பெண்ணைத் தாயில்லாப் பிள்ளை என்று மூவருமே எடுத்துக்கொண்டார்கள்.

வினை அங்கேதான் பிடித்தது. போன சித்திரை இதழில், ‘மெய்லானுக்குத் தலை சுற்றியது, புளித்த மாங்காய் ஒன்று கேட்டாள்’ என்று எழுதினீர்கள். எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். அம்மா என் கையைப் பிடித்தார்கள். “ஏட்டி, அந்த மாங்காயை இன்னொருக்க வாசி.” வாசித்தேன். ஜெபகனி அக்காள் விரலை மடக்கிப் பார்த்து, “ரெண்டு மாசம்” என்றார்கள். துறைமுகத்து வெயிலாக இருக்கலாம் என்று நான் சொன்னதற்கு, “புள்ள பெத்தவ நானா நீயா?” என்று அம்மா கேட்டார்கள். அதற்குப் பதில் பாடபுத்தகத்தில் இல்லை. தங்கள் கதையில் வைகாசி இதழ் முழுவதும் ஒரே பிற்பகல், ஆனியில் ஒரு குதிரைக்கு லாடம் அடித்தார்கள், ஆடியில் பொழுது சாய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் முற்றத்தில் மாதத்துக்கு ஒரு மாதம் கூடிக்கொண்டே வந்து, புரட்டாசியில் மெய்லானுக்கு ஏழு நிறைந்து, அம்மா ஐந்து வகைச் சோறு கிளற, ஜுபைதா பீவி அக்காள் புதுப்பாய் கொண்டுவர, ஜெபகனி அக்காள் சிறு ஜெபம் செய்ய, வளைகாப்பு ஆரம்பமாயிற்று. முதலில் பத்திரிகையைத்தான் மணையில் வைத்தார்கள். பத்திரிகைக்குக் கை இல்லாததால் அதை மடியில் வைத்துக்கொண்டு என்னை உட்காரச் சொல்லி, என் கைகளில் வளையல் அடுக்கினார்கள். அந்த நேரம் பார்த்து அம்பாசமுத்திரத்திலிருந்து பெரியப்பா தில்லைநாயகம் பிள்ளை உள்ளே வந்தார்கள்.

“என்ன கூத்து இது? பன்னிரண்டு வயசுப் புள்ளைக்கு வளைகாப்பா?”

“இவளுக்கு இல்லய்யா, மெய்லானுக்கு” என்றார்கள் ஜெபகனி அக்காள்.

“அது யாரு?”

“சீனாக்காரி.”

“அவ எங்க?”

“அவ எங்கன வர?” என்றார்கள் ஜுபைதா பீவி அக்காள். “செத்து அறுநூறு வருசமாவுது. இப்பம் ஏழு மாசம்.”

பெரியப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டி ஏறினார்கள். ஒரு வாரத்துக்குள் அம்பாசமுத்திரம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை சொந்தக்காரர் எல்லாருக்கும் சங்கதி தெரிந்துவிட்டது. அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அங்கேயும் சேவகர் முதல் பெரிய துரை வரை, “அந்தச் சீனாக்காரிக்கு ஆச்சா?” என்று விசாரிக்கிறார்களாம். போன வாரம் அப்பா குடையை மூலையில் எறிந்துவிட்டு, “ஏட்டி, எல்லாம் நீ படிக்கப் போனதால வந்த வினை. மாசிப் புத்தகத்துல அவ பெறலன்னா, நீ பள்ளிக்கூடம் போயி கிழிச்சது போதும்” என்று சொல்லிவிட்டார்கள். தை இதழோடு பதினொன்று முடிந்து இப்போது பன்னிரண்டு நடக்கிறது. சீனத்தில் கணக்கு வேறாக இருக்குமோ, யானைக்கு இருபத்திரண்டு மாதமாமே என்றுகூட அம்மா கேட்டார்கள். எந்தத் தேசத்தாரும் நம்மைப் போன்ற மனிதரே என்று தங்கள் கதையில்தான் கற்றுக்கொண்டேன். ஆகையால் அவளுக்கும் பத்து மாதந்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். இப்போது அதுவே எனக்கு எதிராக நிற்கிறது.

ஆகவே ஐயா, மாசி இதழிலேயே மெய்லானுக்குப் பிரசவம் ஆக வேண்டும். வெந்நீர் எப்படிப் போடுவது என்று ஜெபகனி அக்காள் சொன்னதைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குப் பூகோளத்தில் ஆசியாக் கண்டம் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. சீனம் அந்தப் பாதியில்தான் வருகிறதாம். தயவுசெய்து கைவிட வேண்டாம்.

தங்களுக்கும் தங்கள் பேனாவுக்கும் அம்மா வேண்டிய காந்திமதியம்மன் அருளும், ஜுபைதா பீவி அக்காளின் துவாவும், ஜெபகனி அக்காளின் ஜெபமும் ஒருசேரக் கிட்டுவதாக.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த வாசகி,
சண்முகசுந்தரி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மாசி இதழ் வந்துவிட்டது. எதிரே பாயில் மூவரும். ஜெபகனி அக்காள் வெந்நீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பா கச்சேரிக்குப் போகாமல் வாசற்படியில் நின்றார்கள். பிரித்தேன். மெய்லான் குதிரை லாயத்தில் பொய்க்கூந்தலைக் கழற்றி எறிந்து, ‘நான் பெண்ணல்ல, சீனச் சக்கரவர்த்தியின் ஒற்றன்!’ என்று கர்ஜிக்கிறான். நான் அப்பாவைப் பார்த்தேன். பிறகு தாளைப் புரட்டி, அதில் இல்லாததை நாக்குக் குழறாமல் வாசித்தேன்: பெண் குழந்தை, சுகப்பிரசவம். அம்மா அழுதுவிட்டார்கள். ஜெபகனி அக்காள் எடை கேட்டார்கள். ஆறரை ராத்தல் என்றேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “தாயும் புள்ளையும் சொகமா?” என்றார்கள். சுகம் என்றேன். “சரி, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோட கிளம்பு.”

ஆகவே மேலே எழுதிய விண்ணப்பத்தைத் தள்ளிவிடவும். மெய்லான் ஆணாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பங்குனி இதழில் எந்த ஒற்றர் வேலையானாலும் இடுப்பில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு செய்யச் சொல்லவும்.