மகளின் திடீர்ச் சோதனையும் என் முகச்சவரமும்

என் மனைவியின் ஒரே தம்பிக்கு, உன் அத்தான் ஆசையோடு எழுதிக்கொள்வது. என் வாயைத் தவிர இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் அட்டைப்பெட்டிப் பட்டறையும் நலந்தானே?

மச்சான், தலைகால் புரியாத சந்தோஷத்தில் எழுதுகிறேன், கையெழுத்து ஆடினால் கண்டுகொள்ளாதே. உன் அக்கா மகள் தொழிலாளர் ஆய்வாளராகச் சேர்ந்ததிலிருந்து, அலுவலக ஜீப் படுத்த படுக்கையாகக் கிடப்பதால், நான்தான் அவளுக்கு டிரைவர், என் ஓட்டை ஸ்கூட்டர்தான் அரசாங்க வாகனம். குழந்தைகளை வேலைக்கு வைத்திருக்கும் பட்டறைகளைப் பிடிக்கிறோம், அதுவும் திடீர்ச் சோதனை! "அப்பா, நாளைக்கு மேட்டுத் தெரு செருப்புப் பட்டறை. மூச்சு விடக் கூடாது" என்பாள். நான் எங்கே விடுகிறேன்? காலையில் சவரம் செய்துகொள்ளும்போது முடிதிருத்துபவரிடம் மட்டும், கன்னத்தில் கத்தி இருப்பதால் மெதுவாக, "எம் பொண்ணு இன்னிக்கு எங்க போறா தெரியுமா?" என்று ஆரம்பிப்பேன். பெற்ற மனசு மச்சான், பெருமை உள்ளே தங்கமாட்டேன் என்கிறது.

போய்ப் பார்த்தால் ஒரு பொடிசையும் காணோம்! குட்டிக் குட்டி முக்காலிகளில் மீசைக்காரர்கள், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, செருப்புக்குப் பசை தடவுகிறார்கள். "என்னங்க, ஸ்டூலெல்லாம் இத்தனை சின்னதா இருக்கு?" என்று மகள் கேட்டால், "இடுப்புக்கு நல்லதுங்க மேடம்" என்கிறான் முதலாளி. மறுமுறை போனாலும் அதே கூத்து. "யாரோ முன்னாடியே சொல்லிடறாங்கப்பா" என்று அவள் சாப்பிடாமல் உட்கார்ந்தபோது எனக்கு வந்ததே கோபம்! "எவன்டா அவன், அவன் நாக்கு அழுகிப்போக!" என்று கத்தினேன். உன் அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

நேற்று மறுபடியும் மேட்டுத் தெரு என்றாள். நான் வழக்கம்போல் சவரம். கிளம்பி ஸ்கூட்டரைத் திருப்பும்போது தோளைத் தட்டி, "அந்தப் பக்கம் இல்லப்பா, மரக்கிடங்குக்கு விடுங்க" என்றாள். கிடங்கின் கதவைத் தள்ளினால், பலகைகளுக்கு நடுவே பட்டறைப் பிள்ளைகள் அத்தனை பேரும்! முதலாளி அவர்களைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி எங்கே ஒளிக்கிறான் என்று பார்க்க, தெருமுனையில் முன்கூட்டியே ஆள் நிறுத்தியிருந்தாளாம். ஒரு சின்னப் பெண் பசை காய்ந்த விரல்களைக் காட்டி, "இந்தக் கையோட ஸ்கூல்ல சேத்துப்பாங்களாக்கா?" என்றது. "சேத்துப்பாங்க கண்ணு, நானே கூட வர்றேன்" என்றாள் உன் மருமகள். என் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது மச்சான்.

"எப்படிம்மா இந்த யோசனை வந்துச்சு?"

"எல்லாம் உங்களாலதான்ப்பா. நீங்க சவரத்துக்குப் போனா போதும், பிள்ளைங்கள அவங்களே இடம் மாத்திடுவாங்க."

அப்போதுதான் தெரிந்தது, நாக்கு அழுக வேண்டியவன் யார் என்று! ஆகவே இன்று முதல் வாய்க்குப் பூட்டு. தாடியும் வளர்க்கிறேன். நீயும் உன் வீட்டாரும் பட்டறையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வாழ்த்தும்,

உன் அத்தான்.

பி.கு.: உன் பட்டறையில் பெட்டி ஒட்டும் பொடிசுகளைப் பற்றி, "அதுங்க சும்மா வேடிக்கை பாக்க வருதுங்க அத்தான்" என்று சொன்னாயே, அதை நேற்றுச் சாப்பிடும்போது தமாஷாக எடுத்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "மாமாவுக்கா எழுதறீங்க? ஸ்டாம்பு ஒட்டாதீங்கப்பா, நேர்லயே குடுத்துடலாம்" என்கிறாள்.